தொடர் டயாலிசிஸ் ஓடும்போதே நோயாளியை எழுப்பி உட்கார வைப்பது எப்படி? ஐ.சி.யூ.வுக்குப் புதியவர்களுக்கு

ஐ.சி.யூ.வில் புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்டுகள் சில படுக்கைகளை மட்டும் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவதைக் கவனித்திருக்கிறேன். கட்டிலின் ஒரு பக்கம் வென்டிலேட்டர். இன்னொரு பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு டயாலிசிஸ் மெஷின். நோயாளியின் கழுத்திலிருந்தோ தொடை இடுக்கிலிருந்தோ கிளம்பும் இரண்டு குழாய்களில் ரத்தம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். "சி.ஆர்.ஆர்.டி.யில் இருக்கிறார், இன்று பயிற்சி இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். இரவும் பகலும் ஓடும் இந்தத் தொடர் டயாலிசிஸின் சுருக்கப் பெயர்தான் சி.ஆர்.ஆர்.டி.

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் எழுதினேன். ஒரு நோயாளிக்கு ஆறு நாள் தொடர்ந்து அதே வரி. ஏழாம் நாள் மெஷினைக் கழற்றியதும் அவரை உட்கார வைக்கப் போனேன். தலையை நிமிர்த்தி வைத்திருக்கக்கூட அவர் கழுத்தில் பலம் இல்லை. என் தோளில் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வரியை யோசிக்காமல் எழுதுவதில்லை.

தொடர் டயாலிசிஸ் ஓடும்போதே நோயாளியைப் படுக்கையில் பயிற்சி செய்ய வைக்கலாம், கட்டில் விளிம்பில் உட்கார வைக்கலாம், பலருக்கு எழுந்து நிற்கவும் உதவலாம். ஆனால் வேலையில் முக்கால் பங்கு நோயாளி அசைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழே இருப்பதில் பெரும்பகுதி அந்த முன்வேலையைப் பற்றித்தான். மருத்துவரின் உத்தரவும் உங்கள் பிரிவின் நடைமுறையும் எப்போதும் இதற்கு மேல். சேர்ந்த முதல் வாரத்தில் தனியாக இதைச் செய்யாதீர்கள்.

ஏன் காத்திருக்கக் கூடாது

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று செய்யும் வழக்கமான டயாலிசிஸ் வேறு, இது வேறு. ரத்த அழுத்தம் நிலைகொள்ளாத ஒருவரிடமிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அத்தனை நீரை இழுத்தால் தாங்கமாட்டார். அதனால் அதே வேலையை மெதுவாக, இரவும் பகலும் செய்கிறோம். 1977ல் ஜெர்மனியில் பீட்டர் கிராமர் தொடங்கிவைத்த முறையின் வளர்ந்த வடிவம் இது. வழக்கமான டயாலிசிஸில் நிமிடத்துக்கு 300 மில்லிக்கு மேல் ரத்தம் ஓடும். இதில் பெரும்பாலும் 150லிருந்து 200 மில்லிதான்.

மெதுவாக ஓடுவதால் இதயத்துக்கு நல்லது. தசைக்குத்தான் ஆபத்து. நாலு மணி நேர டயாலிசிஸ் என்றால் முடிந்ததும் பயிற்சி கொடுக்கலாம். இதில் முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது. ஐந்து நாள், பத்து நாள் என்று ஓடும். அந்த நாட்களில் தசை கரைகிற வேகம் கண்ணால் பார்க்காதவர்களுக்கு நம்பக் கஷ்டம். 2013ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் தொடை முன்பக்கத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தார்கள். பத்தே நாளில் அதன் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். தொடர் டயாலிசிஸில் இருப்பவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்.

இதற்கு மேல் ஃபில்டர் வழியாகவும் இழப்பு உண்டு. கழிவோடு சேர்ந்து அமினோ அமிலங்களும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் வெளியே போகும். இதனால்தான் சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2012ம் ஆண்டு வழிகாட்டுதல், இவர்களுக்குப் புரதத்தை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.7 கிராம் வரை உயர்த்தலாம் என்கிறது. உணவு செலுத்தும் குழாயில் போதிய புரதம் போகிறதா என்று டயட்டீஷியனிடம் கேட்பது பிசியோதெரபிஸ்டின் வேலை இல்லை என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள். கட்ட மணல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் வரவழைத்து என்ன பயன்?

சீக்கிரம் எழுப்புவதால் பலன் உண்டா? 2009ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 104 பேரில், மயக்க மருந்தை நிறுத்தும் வேளையிலேயே பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளும் நிலையில் வீடு திரும்பினார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் அது 35 சதவீதம். அதே சமயம் 2022ல் வந்த 'டீம்' ஆய்வையும் மறைக்கக் கூடாது. 750 பேரில் நடந்த அந்த ஆய்வில், வழக்கத்தைவிட அதிக அளவில் பயிற்சி கொடுத்த பிரிவுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பக்கவிளைவுகள்தான் 9.2 சதவீதமாக இருந்தன, மறுபக்கம் 4.1 சதவீதம். அதில் ஒப்பிடப்பட்ட மறுபக்கத்தினரும் சும்மா படுத்திருக்கவில்லை, அவர்களுக்கும் பயிற்சி கிடைத்தது. என் புரிதல் இதுதான்: நோயாளியை அசைக்காமல் விடுவது தவறு, அவர் தாங்கும் அளவைத் தாண்டி விரட்டுவதும் தவறு.

டயாலிசிஸ் மெஷின் மட்டுமே தடையா என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் தெளிவாகவே இருக்கிறது. 2014ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, வென்டிலேட்டரில் இருப்பவர்களை எழுப்புவதற்குப் போக்குவரத்து விளக்குபோல பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பாதுகாப்புப் பட்டியல் வகுத்தார்கள். அதில் தொடர் டயாலிசிஸுக்குப் பச்சை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு, ஓடும் டயாலிசிஸோடு எழுப்புவது பாதுகாப்பானது என்றதோடு, ஃபில்டரின் ஆயுளும் கூடக்கூடும் என்றது. அசைத்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சிறிய ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 1: நோயாளிக்கு முன் மெஷினைப் படியுங்கள்

மெஷினை இயக்க நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது நர்ஸின் பொறுப்பு. ஆனால் திரையில் மூன்று எண்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும்.

உடலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்க்குச் சிவப்பு நிற அடையாளம் இருக்கும். பம்ப் ரத்தத்தை உறிஞ்சுவதால் இங்கே அழுத்தம் மைனஸில் இருக்கும். ரத்தம் திரும்பி உடலுக்குள் போகும் குழாய் நீலம். இங்கே தள்ளுவதால் பிளஸ். இரண்டுக்கும் நடுவில் ஃபில்டர், அதற்கு ஓர் அழுத்தம். வழக்கமாக வெளியேறும் பக்கம் மைனஸ் 50லிருந்து மைனஸ் 150 வரையும், திரும்பும் பக்கம் பிளஸ் 50லிருந்து பிளஸ் 150 வரையும் இருக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டியது புத்தக எண் இல்லை. இந்த நோயாளிக்கு, இப்போது, படுத்த நிலையில் என்ன எண் ஓடுகிறது? அதைக் கையில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது ஏதாவது மாறினால் எதிலிருந்து மாறியது என்று தெரிய இந்தத் தாள்தான் உதவும்.

அப்புறம் நர்ஸிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். காலையிலிருந்து அலாரம் எத்தனை தடவை அடித்தது? இந்த ஃபில்டர் எத்தனை மணி நேரமாக ஓடுகிறது? ரத்தம் உறையாமல் இருக்க என்ன மருந்து போகிறது?

முதல் கேள்விக்கு "அடித்துக்கொண்டே இருக்கிறது" என்று பதில் வந்தால் கத்தீட்டரில், அதாவது ரத்தநாளத்துக்குள் செருகியிருக்கும் குழாயில், ஏற்கெனவே சிக்கல். முதலில் அதைச் சரிசெய்யட்டும், நீங்கள் மதியம் வரலாம். இரண்டாவது கேள்வி ஏனென்றால், ஃபில்டரைப் பொதுவாக 72 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் திட்டமே வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். மூன்றாவதற்குப் பதில் ஹெபாரின் என்றால் ரத்தக்கசிவை நினைவில் வைக்க வேண்டும். சிட்ரேட் என்றால் கால்சியத்தை. சிட்ரேட் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துவைத்து உறைவதைத் தடுக்கிறது. அதை ஈடுகட்டக் கால்சியம் தனியாக ஏற்றப்படும். அந்தக் கால்சியம் குழாய் மடங்கினாலோ கழன்றாலோ உடலில் கால்சியம் இறங்கும். அதன் அறிகுறிகள்: உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, தசைப்பிடிப்பு, இதயத் துடிப்பில் மாற்றம். நோயாளி "வாயைச் சுற்றி என்னவோ போல இருக்கிறது" என்று சைகை காட்டினால் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

படி 2: இவரை இன்று எழுப்பலாமா?

முந்தின நாள் எழுப்பியவரை இன்றும் எழுப்பலாம் என்று கணக்குப் போடக் கூடாது. தினமும் புதிதாகப் பாருங்கள்.

விழிப்பு நிலையிலிருந்து தொடங்குங்கள். மயக்கத்தையும் பதற்றத்தையும் அளக்கும் ராஸ் அளவுகோலில் மைனஸ் 1க்கும் பிளஸ் 1க்கும் இடையே இருந்தால் அவர் உங்களோடு சேர்ந்து வேலை செய்வார். எளிய ஐந்து கட்டளைகள் கொடுத்துப் பாருங்கள்: கண்ணைத் திறந்து மூடுங்கள், என்னைப் பாருங்கள், நாக்கை நீட்டுங்கள், தலையை ஆட்டுங்கள், நான் ஐந்து எண்ணியதும் புருவத்தை உயர்த்துங்கள். மூன்றையாவது செய்கிறார் என்றால் தொடரலாம். ஒன்றும் இல்லையென்றால் இன்று நீங்களே அவருடைய மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சி மட்டும். அதுவும் பயிற்சிதான்.

மூச்சு: வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் 60 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, பீப் (மூச்சு விட்டு முடிந்ததும் நுரையீரலில் மிச்சம் வைக்கும் அழுத்தம்) 10 அல்லது அதற்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 30க்குள், ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 அல்லது அதற்கு மேல். நான் சொன்ன அந்தப் பட்டியலில் இவை பச்சைக்குள் வரும்.

ரத்த அழுத்தத்தில் எண்ணைவிடப் போக்குதான் முக்கியம். ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நார்அட்ரினலின் ஓடுகிறது என்பதாலேயே எழுப்பக் கூடாது என்றில்லை. இரண்டு மணி நேரமாக ஒரே அளவில் ஓடுகிறதா, இறங்கி வருகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா? ஏறிக்கொண்டு போனால் இன்று வேண்டாம். எந்த அளவு வரை எழுப்பலாம் என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். நிபுணர்களே அதற்கு ஒரே எண்ணில் உடன்படவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவில் பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட், ஹீமோகுளோபின், பிளேட்லெட் ஆகியவற்றைப் பாருங்கள். பாஸ்பேட்டைப் பலரும் கவனிப்பதில்லை. தொடர் டயாலிசிஸில் அது சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மூச்சு இழுக்கும் தசைகளே தளர்ந்துவிடும். நேற்று தன் காலைத் தூக்கியவர் இன்று தூக்கவில்லை என்றால், "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதற்கு முன் பாஸ்பேட்டைப் பாருங்கள்.

மெஷினைப் புதிதாக இணைத்த முதல் ஒரு மணி நேரம் நான் நோயாளியைத் தொடுவதில்லை. 150லிருந்து 200 மில்லி ரத்தம் உடலுக்கு வெளியே போய்ச் சுற்றத் தொடங்கும் நேரம் அது, ரத்த அழுத்தம் இறங்கக்கூடும். இன்னொன்று காய்ச்சல். ரத்தம் வெளியே சுற்றி வரும்போது குளிர்ந்துவிடுவதால் உடல் வெப்பநிலை இயல்பாகவே காட்டும், உள்ளே தொற்று இருந்தாலும். வெப்பமானியை மட்டும் நம்பி "காய்ச்சல் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். பயிற்சியின்போது போர்வையை முழுவதும் விலக்கிவிடவும் கூடாது. அவர்களுக்குக் குளிரும்.

படி 3: கத்தீட்டர் எங்கே இருக்கிறது?

வலது கழுத்தில் இருந்தால் வேலை எளிது. இடுப்பை எப்படி வேண்டுமானாலும் மடக்கலாம், நிற்கலாம், காலடி எடுத்து வைக்கலாம். தலையை மட்டும் எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடை இடுக்கில் இருந்தால்தான் எல்லோருக்கும் தயக்கம். இடுப்பை மடக்கினால் கத்தீட்டர் மடங்கும், ரத்தநாளம் கிழியும் என்று நினைக்கிறார்கள். 2013ல் அமெரிக்காவில் வெளியான ஒரு தொகுப்பில், தொடையில் கத்தீட்டர் இருந்த 101 பேருக்கு 253 தடவை பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் கத்தீட்டர் சார்ந்த பாதிப்பு ஒன்றுகூட ஏற்படவில்லை. அவர்களில் சிலர் உட்கார்ந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள். ஆகவே தொடைக் கத்தீட்டர் என்பது பயிற்சியை ரத்து செய்யும் காரணமாகாது. ஆனால் அடக்கமாகத் தொடங்க வேண்டிய காரணம்தான். நான் செய்வது இப்படி: படுத்த நிலையிலேயே அந்தப் பக்க முழங்காலை மெதுவாக மடக்கிக்கொண்டு வந்து, எந்தக் கோணத்தில் அழுத்த எண்கள் மாறத் தொடங்குகின்றன என்று நர்ஸைப் பார்க்கச் சொல்வேன். 70 டிகிரி வரை எண்கள் அசையவில்லை என்றால், உட்காரும்போதும் அந்தக் கோணத்துக்குள் இருக்கும்படி கட்டிலை உயர்த்தி, பின்பக்கம் கொஞ்சம் சாய்த்து உட்கார வைப்பேன். கட்டில் உயரமாக இருந்தால் இடுப்பு மடங்குவது குறையும். சின்ன விஷயம்தான், ஆனால் எத்தனையோ அலாரத்தைத் தவிர்த்திருக்கிறது.

எந்த இடமாக இருந்தாலும், தையல் பிடித்திருக்கிறதா, ஒட்டிய பிளாஸ்திரி ஈரமாக இருக்கிறதா, புதிதாக ரத்தக் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: குழாய்களுக்குப் பாதை போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் முறை நான் ஒருவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தபோது, அவர் கால்கள் தரையைத் தொட்ட அந்த நொடியில் மெஷின் அலறியது. பயந்துபோய் அவரைத் திரும்பப் படுக்க வைக்கப் போனேன். அங்கிருந்த மூத்த நர்ஸ், "தம்பி, அவரை அசைக்காதீங்க, அப்படியே பிடிச்சுக்கங்க" என்றார். குனிந்து பார்த்தார். சிவப்புக் குழாய் நோயாளியின் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. தொடையை லேசாகத் தூக்கி, குழாயை விடுவித்து, மெஷினில் ஒரு பட்டனை அழுத்தினார். அலாரம் நின்றது. மொத்தம் பத்து வினாடி. "எழுப்புறதுக்கு முன்னாடி குழாய் எங்க போகும்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை.

இப்போது நான் செய்யும் ஒழுங்கு இது. கத்தீட்டரில் கை வைத்து, அங்கிருந்து மெஷின் வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போவேன். கண்ணால் பார்ப்பது போதாது. போர்வைக்கு அடியில், கட்டில் கம்பிக்கு இடையில், தலையணைக்குக் கீழே எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று கைக்குத்தான் தெரியும். போகிற வழியில் ஒவ்வொரு இணைப்பும் இறுக்கமாக இருக்கிறதா என்று நர்ஸோடு சேர்ந்து பார்ப்பேன். கட்டில் கம்பியில் குழாயைச் சுற்றியோ கட்டியோ வைத்திருந்தால் கழற்றிவிடச் சொல்வேன். அசையாத பொருளோடு கட்டிய குழாய், நோயாளி நகரும்போது கத்தீட்டரை இழுக்கும். குழாயை நோயாளியின் உடலோடு, கொஞ்சம் தளர்வாக ஒரு வளையம் விட்டு ஒட்ட வேண்டும். இழுப்பு வந்தால் வளையம் முதலில் நீளும், தோலில் போட்ட தையலுக்கு அடி விழாது.

எந்தப் பக்கம் எழுப்புவது? மெஷின் இருக்கும் பக்கம்தான். எதிர்ப்பக்கம் எழுப்பினால் குழாய் உடலைக் குறுக்காகத் தாண்டி வர வேண்டும், நீளம் போதாது. மெஷின் தவறான பக்கம் நின்றால் அதை முன்கூட்டியே நர்ஸ் நகர்த்தட்டும், பயிற்சிக்கு நடுவில் வேண்டாம். அதன் அடியில் தொங்கும் பைகள் எடைத்தராசில் மாட்டியவை. மெஷினை இடித்தாலோ பை ஆடினாலோ எடை தவறாகக் காட்டி அலாரம் அடிக்கும். சக்கரங்களின் பிரேக் போட்டிருக்கிறதா என்று காலால் தட்டிப் பாருங்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயம். கத்தீட்டரும் குழாயும் சேரும் இணைப்பு இரண்டும் பயிற்சி முழுவதும் ஒருவருடைய கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போர்வை மூடக் கூடாது, சட்டை மறைக்கக் கூடாது. காரணம், நீலக் குழாய் கழன்றால் மெஷினுக்குத் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. குழாய் ஏதாவது துணியில் அழுந்திக்கிடந்தால் அழுத்தம் அலாரம் அடிக்கும் அளவுக்கு இறங்காது. பம்ப் நிமிடத்துக்கு 200 மில்லி வீதம் ரத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர். கழுத்துக் கத்தீட்டரில் இன்னோர் ஆபத்து: நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் கழுத்து நாளத்தில் அழுத்தம் மிகக் குறைவு, இணைப்பு திறந்துகொண்டால் காற்று உள்ளே இழுக்கப்படலாம். அப்படி ஆனால் உடனே கிளாம்பை (குழாயை இறுக்கி மூடும் கவ்வியை) போட்டு, தலையைத் தாழ்த்தி, இடப்பக்கமாகப் படுக்க வைத்து, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இது அரிதுதான். ஆனாலும் கிளாம்ப் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

படி 5: ஆட்கள்

குறைந்தது மூன்று பேர். வென்டிலேட்டர் இருந்தால் நான்கு. ஒருவர் நோயாளியின் முன்னால் நின்று முகத்தையும் உடலையும் பார்ப்பார், அது நீங்கள். நர்ஸ் மெஷின் பக்கம், ஒரு கண் இணைப்பில், ஒரு கண் திரையில். மூன்றாமவர் பின்னால் முதுகைத் தாங்குவார். நான்காமவர் மூச்சுக்குழாயைப் பிடித்திருப்பார். நர்ஸுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், தலையணை எடுத்துவரச் சொல்வதுகூடக் கூடாது.

"நான் சொன்னால் மட்டும் நகர்த்துங்கள், யார் 'நிறுத்து' என்று சொன்னாலும் நிறுத்துங்கள்" என்று தொடங்குமுன் எல்லோருக்கும் சொல்லுங்கள். நேற்றுதான் சேர்ந்த உதவியாளர் சொன்னாலும் நிறுத்த வேண்டும்.

ரத்த அழுத்தம் விளிம்பில் இருந்தால், பயிற்சி முடியும்வரை நீர் எடுக்கும் வேகத்தைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவையுங்கள். அரை மணி நேரம் நீர் எடுக்காமல் விட்டால் அன்றைய கணக்கில் பெரிய இடிவிழாது. எடுத்துக்கொண்டே எழுப்பினால் தலைசுற்றி விழக்கூடும்.

படி 6: எழுப்புவது

நோயாளியிடம் பேசுங்கள். "ஐயா, இப்போ உங்களை உட்கார வைக்கப் போறோம். மெஷின் ஓடிக்கிட்டேதான் இருக்கும். சத்தம் வந்தா பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்." வென்டிலேட்டரில் இருப்பவர் பதில் சொல்ல முடியாது, ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். இவர்களில் பலருக்கு மெஷின் நின்றால் உயிர் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. அலாரம் சத்தம் அவர்களுக்கு மரண ஓலமாகக் கேட்கும்.

முதல் பத்து நிமிடம் படுக்கையிலேயே: கணுக்காலை மேலும் கீழும், முழங்காலை அழுத்தி விடுவது, குதிகாலைச் சறுக்கி மடக்குவது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது. உடலில் நீர் தேங்கியிருப்பதால் கால்கள் மரக்கட்டைபோலக் கனக்கும். கீழே தாங்கிப் பிடித்து, பாதி எடையை நீங்கள் சுமந்து, மீதியை அவர் செய்யட்டும். படுக்கையில் பொருத்தும் சைக்கிள் உங்களிடம் இருந்தால், தொடைக் கத்தீட்டர் கோணத்தைப் பார்த்துவிட்டு அதையும் பயன்படுத்தலாம்.

இதே சமயத்தில் பலத்தையும் அளந்துகொள்ளலாம். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என இரு பக்கமும் பன்னிரண்டு தசைக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், மொத்தம் 60. 48க்குக் கீழே என்றால் ஐ.சி.யூ. வாசத்தால் வந்த தசைத் தளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம்.

பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை 30, 45, 60 டிகிரி என்று உயர்த்துங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் நில்லுங்கள், ரத்த அழுத்தத்தையும் மெஷின் எண்களையும் பாருங்கள். சரி என்றால் கட்டில் விளிம்புக்கு. கத்தீட்டர் இருக்கும் பக்கத்துக் காலை முதலில் நகர்த்தி, குழாய் பின்தொடர நேரம் கொடுங்கள். பாதங்கள் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்கட்டும். முதல் நாள் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் அவரைச் சும்மா உட்கார வைக்காமல் தலையை நிமிர்த்தச் சொல்லுங்கள், ஒரு கையை நீட்டி உங்கள் கையைத் தொடச் சொல்லுங்கள், முகம் துடைக்க ஈரத்துணி கொடுங்கள். தன் முகத்தைத் தானே துடைத்துக்கொண்ட நோயாளியின் கண்களைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

நிற்பது அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ. குழாயின் நீளத்துக்குள், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்ற இடத்தில் காலடி எடுத்து வைப்பது போதுமானது. மெஷினைத் தள்ளிக்கொண்டு நடப்பது இந்த மெஷின்களுக்கு ஏற்றதில்லை.

அலாரம் அடித்தால்

கை நோயாளி மேல், கண் நர்ஸ் மேல். அவரை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். வெளியேறும் பக்க எண் இன்னும் மைனஸில் ஆழமாகப் போயிருந்தால் சிவப்புக் குழாய் மடங்கியிருக்கலாம், கத்தீட்டரின் நுனி நாளச் சுவரில் ஒட்டியிருக்கலாம், இருமியிருக்கலாம், அல்லது உடலில் நீர் குறைந்திருக்கலாம். இடுப்பைக் கொஞ்சம் நிமிர்த்தினாலோ தலையை நேராக்கினாலோ பெரும்பாலும் சரியாகும். திரும்பும் பக்க எண் ஏறினால் நீலக் குழாயைப் பாருங்கள். திரும்பும் பக்க எண் திடீரென்று இறங்கினால், வேறு எதையும் யோசிக்காமல் இணைப்பைப் பாருங்கள்.

பம்ப் நின்றுவிட்டால் அவசரம் வேறு வகை. ஓடாத ரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். உறைந்துவிட்டால் குழாயில் இருக்கும் 150, 200 மில்லி ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு அது பெரிய இழப்பு. எனவே ஒரு நிமிடத்துக்குள் காரணம் புரியவில்லை என்றால் தயங்காமல் படுக்க வையுங்கள். இதில் கௌரவம் பார்க்க எதுவும் இல்லை.

அலாரம் அடிக்காவிட்டாலும் நிறுத்த வேண்டிய எல்லைகள் உண்டு. சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் கீழே, நாடி 40க்குக் கீழே அல்லது 130க்கு மேலே, மூச்சு 5க்குக் கீழே அல்லது 40க்கு மேலே, ஆக்சிஜன் செறிவு 88க்குக் கீழே. இவை அந்த 2009 ஆய்வில் பயன்படுத்திய எல்லைகள். உங்கள் பிரிவில் இன்னும் இறுக்கமாக வைத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். எண்கள் எல்லாம் நன்றாக இருந்து, முகம் மட்டும் வெளிறி வியர்த்தால் முகத்தை நம்புங்கள்.

முடிந்த பிறகு

படுக்க வைத்ததும் குழாயை மறுபடி கையால் தடவிப் பாருங்கள், கத்தீட்டர் இடத்தைப் பாருங்கள், அழுத்த எண்களைத் தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். குறைத்த நீர் எடுக்கும் வேகத்தை நர்ஸ் பழையபடி வைத்துவிட்டாரா என்று கேளுங்கள். இது பலமுறை மறந்துபோகும். பதிவேட்டில் "உட்கார்ந்தார்" என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல், எத்தனை நிமிடம், எத்தனை பேர் உதவினார்கள், இடுப்பு எந்தக் கோணம், அந்த நேரத்து அழுத்தங்கள், எத்தனை அலாரம் என்று எழுதுங்கள். நாளை உங்கள் இடத்துக்கு வருபவர் அதைப் பார்த்துத்தான் துணிவார்.

கடைசியாக, ஃபில்டர் மாற்றும் நேரம். ஃபில்டரின் காலம் முடியும்போதோ, ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போதோ ரத்தத்தை உடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினைக் கழற்றுவார்கள். அடுத்த ஃபில்டரைத் தயார் செய்து மறுபடி இணைப்பதற்குள் ஓர் இடைவெளி கிடைக்கும். பத்து நாளில் அந்த மனிதருக்குக் குழாய்கள் இல்லாமல் கிடைக்கும் அரிய நேரம் அது. காலையிலேயே நர்ஸிடம் "இன்று எத்தனை மணிக்கு மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்துவையுங்கள். இடைவெளிக்கு முன்பே மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாக்கரையும் நாற்காலியையும் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். கத்தீட்டரின் இரு முனைகளையும் நர்ஸ் மூடிக் கிளாம்ப் போட்டதை உறுதிசெய்த மறு நிமிடம், அவரை எழுப்பி, கதவு வரை நடக்க வையுங்கள்.